வைவா மேசையில் அந்த இருபது நிமிடம்: பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் கணினி அறிவியல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் காவிரிக் கரை ஊர் ஒன்றில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தவன். இப்போது பெங்களூரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். கடந்த ஏழு ஆண்டுகளாக, சொந்த வேலைக்கு நடுவே, விண்ணப்பிப்பவர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பும் எனக்கு உண்டு. இருநூறு பேரையாவது அந்த வகையில் சந்தித்திருப்பேன். அவர்களில் நம் கல்லூரிகளிலிருந்து வந்து தேர்வாகாமல் போன சிலரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாடம் தெரியாமல் தோற்றவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. விடை தெரிந்திருந்தும் முக்கால் மணி நேரம் வாய் திறவாமல் இருந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. அந்த மௌனத்தை நான்கு ஆண்டுகள் பழக்கி அனுப்பியது நம் வகுப்பறைகள்தான் என்பதே என் முறையீடு.

ஒரு மாலை, காணொளி நேர்காணலில் ஒரு மாணவி வந்தார். இறுதியாண்டு. அவருக்குப் பின்னால் விடுதி அறையின் இரும்புக் கட்டிலும் கொடியில் உலரும் துண்டும் தெரிந்தன. நான் உண்மையில் கேட்ட கேள்வியை வெளியே சொல்ல எனக்கு அனுமதியில்லை என்பதால், ஊரறிந்த பழைய கணக்கு ஒன்றை அதன் இடத்தில் வைத்துச் சொல்கிறேன். எண்களின் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. அதில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்வியைக் கேட்டதும் "ஓகே சார்" என்றார். அதற்குப் பிறகு பதினொரு நிமிடம் பேச்சே இல்லை. பகிர்ந்த திரையில் ஒரு வரி தோன்றும், அழியும், வேறு வரி தோன்றும். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன யோசிக்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "ஒன் மினிட் சார்" என்ற பதிலே வந்தது. முடிவில் அவர் எழுதியது, ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்க்கும் நேரான முறை. விடைபெறும் நேரத்தில், என் பெயரைப் பார்த்துத் தமிழன் என்று ஊகித்தவர்போல, "ஹேஷ் மேப் வச்சுப் பண்ணலாம்னு முதல்லயே தோணுச்சு சார், தப்பா இருக்குமோன்னு சொல்லல" என்றார்.

அவருக்குத் தோன்றியது சரிதான். ஹேஷ் மேப் என்பது, தேடும் எண் உள்ளே இருக்கிறதா என்று முழுவதையும் புரட்டாமல் உடனே சொல்லிவிடும் சேமிப்பு முறை. பட்டியலில் 1 லட்சம் எண்கள் இருந்தால், எல்லா இணைகளையும் கூட்டிப் பார்க்க ஏறக்குறைய 500 கோடிக் கூட்டல்கள் தேவைப்படும். கடந்து வந்த எண்களை ஹேஷ் மேப்பில் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய எண் வரும்போதும் அதோடு சேரவேண்டிய மீதி முன்பே வந்துவிட்டதா என்று தேடினால், பட்டியலை ஒரே ஒருமுறை கடந்தால் போதும். அதிகபட்சம் 1 லட்சம் தேடல்களில் வேலை முடிந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தை அவர் மூன்றாவது நிமிடத்தில் சொல்லியிருந்தால், எஞ்சிய நேரத்தில் நாங்கள் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்போம். தப்பாகவே சொல்லியிருந்தாலும் குறைவொன்றுமில்லை. நான் ஒரு குறிப்புக் கொடுத்திருப்பேன், அந்தக் குறிப்பை அவர் எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்பதும் மதிப்பீட்டில் ஏறியிருக்கும்.

பேசாமல் இருப்பதற்கு ஏன் இவ்வளவு பெரிய விலை என்பது, நேர்காணல் முடிந்த பிறகு நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். கூகுள் போன்ற நிறுவனத்தில் எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவர் வேலை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில்லை. அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை, விண்ணப்பதாரரின் முகத்தையே பார்த்திராத ஒரு குழு உட்கார்ந்து படிக்கிறது. அமேசானில் "பார் ரெய்சர்" என்ற பெயரில், ஆள் எடுக்கும் அணியைச் சேராத ஒருவர் நேர்காணல் சுற்றில் அமர்ந்து தரம் தாழாமல் பார்த்துக்கொள்கிறார். நிறுவனத்துக்கு நிறுவனம் ஏற்பாடு மாறினாலும் எல்லாமே எழுத்தில் நடக்கிறது என்பது மாறுவதில்லை. விண்ணப்பதாரர் என்ன கேட்டார், எந்த வழியை முதலில் சொன்னார், அதை ஏன் கைவிட்டார், பிழையைத் தானே கண்டாரா என்பவைதான் அந்த அறிக்கையின் சரக்கு. அந்த மாணவியின் பதினொரு நிமிடத்துக்கு என் அறிக்கையில் நான் எழுத முடிந்தது ஒரே வரி. அவர் மனத்துக்குள் ஹேஷ் மேப் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு, கடைசியில் தயங்கிச் சொன்ன அந்த வாக்கியத்தைத் தவிர வேறு சான்று இல்லை.

நம் பயிற்சிகளோ வேறு திசையில் ஓடுகின்றன. ஏழாம் செமஸ்டர் தொடங்குவதற்கு முன் வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தை அழைத்து, அரங்கில் முந்நூறு பேரை உட்காரவைத்து, பத்து நாளில் ஆப்டிடியூட், புதிர்கள், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கான மனப்பாடப் பதில் ஆகியவற்றை முடித்துவிடுகிறோம். ஒரு மொத்த ஆட்சேர்ப்புத் தேர்வுக்கு அது போதுமானதாகவே இருக்கலாம். இரண்டு கயிறுகளைக் கொளுத்தி 45 நிமிடம் அளக்கும் புதிர் இன்னும் அந்தக் கையேடுகளில் அச்சாகிறது; ஆனால் புதிர் கேட்பதற்குப் பேர்போன கூகுளே அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற கேள்விகள் எதையும் கணித்துச் சொல்வதில்லை, அவை வெறும் நேர விரயம் என்று அந்நிறுவனத்தின் அன்றைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்.

மௌனம் எங்கே பழக்கமாகிறது என்று என் சொந்த நினைவிலிருந்தே சொல்கிறேன். தரவுக் கட்டமைப்பு லேபுக்கு ரெக்கார்டு நோட்டு உண்டு. நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு என்று வரிசையாக எழுதி, கடைசியில் நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் அந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை; அவற்றில் பாதி நிரல்களையாவது முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதினேன் என்பதை, பட்டம் கைக்கு வந்துவிட்ட தைரியத்தில் இப்போது ஒப்புக்கொள்கிறேன். செய்முறைத் தேர்வன்று எக்ஸ்டர்னல், அதாவது வெளிக் கல்லூரித் தேர்வாளர், வருவார். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் "ஸ்டாக் என்றால் என்ன?" என்பார்; "கடைசியில் வந்தது முதலில் போகும்" என்போம்; "கியூ?" என்பார், அதையும் திருப்பிச் சொல்வோம், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஸ்டாக்கை ஏன் ஒருவன் பயன்படுத்துவான் என்று நான்கு ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. வகுப்பில் நானே கேட்க முயன்றபோது அதற்கு அதிகப்பிரசங்கித்தனம் என்று பெயர் வந்தது. வளாகத்தில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் வேறு. ஆங்கிலம் சரளமாக வராது, தமிழில் பேசக் கூடாது என்றால், மாணவனுக்கு எஞ்சுவது சும்மா இருப்பது மட்டும்தானே?

ஆகவே புதிதாக எதையும் விலைக்கு வாங்கச் சொல்லாமல், கையில் இருக்கும் வைவாவையே மாற்றுங்கள் என்று கேட்கிறேன். உலகின் பெரிய நிறுவனங்கள் நடத்தும் நேர்காணலுக்கு நம் பாடத்திட்டத்தில் மிக நெருங்கிய உறவு அதுதான்: எதிரே ஒரு மனிதர், கையில் ஒரு கணக்கு, அளந்த நேரம். மூன்றாம் செமஸ்டரிலிருந்தே ஒவ்வொரு மாணவரையும் பருவத்துக்கு இரண்டு முறையாவது இருபது நிமிடம் பலகையின் முன் நிறுத்துங்கள். ரெக்கார்டில் இல்லாத, ஆனால் பாடத்துக்குள் அடங்கிய ஒரு கணக்கைக் கொடுங்கள். மார்க்கரை எடுப்பதற்கு முன் குறைந்தது மூன்று கேள்விகளாவது அவர் உங்களைக் கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா, ஒரே எண் இருமுறை வரலாமா, விடையே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். முதலில் தோன்றும் மெதுவான வழியைக் கூச்சமில்லாமல் சொல்லி, அது ஏன் மெதுவானது என்று கணக்குப் போட்டுக் காட்டுவதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அறுபது பேர் உள்ள வகுப்புக்கு ஒரு சுற்று இருபது மணி நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். உதவிப் பேராசிரியர்களுக்கு இருக்கும் பணிச்சுமையில் அது எளிதன்று. மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டாமாண்டினரைக் கேட்கட்டும். கேள்வி கேட்பவர் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பவன் கற்றுக்கொள்வதை எந்தப் பயிற்சி நிறுவனமும் சொல்லித் தர முடியாது. எதிரே இருப்பவர் பேசாமல் எழுதினால் எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்பது அவனுக்கு அன்றைக்கே புரிந்துவிடும்.

இந்தப் பயிற்சியின் முதல் ஆண்டில் தமிழில் பேச அனுமதியுங்கள். சத்தமாக யோசிப்பது ஒரு பழக்கம், ஆங்கிலத்தில் பேசுவது இன்னொரு பழக்கம். இரண்டையும் ஒரே நாளில் ஏற்றினால் இரண்டும் இறங்குவதில்லை. "இந்த லூப் எதுக்குன்னா, இதுவரைக்கும் பார்த்ததுல பெரிய எண்ணை வச்சுக்கத்தான்" என்று தமிழில் தயங்காமல் சொல்லப் பழகியவர், ஆறு மாதத்தில் அதையே ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவார். நான் எழுதும் அறிக்கையில் இலக்கணத்துக்கு இடமே கிடையாது. வினைச்சொல் தவறாக வந்தாலும் யோசனையின் போக்கு கேட்பவருக்குப் பிடிபட்டால் போதும்.

சரிபார்த்தலைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மாணவர்கள் மிக அதிகமாகக் கோட்டை விடுவது அங்கேதான். நிரலை எழுதி முடித்ததும் "முடிஞ்சுது சார்" என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். ரெக்கார்டு நோட்டின் கடைசி வாக்கியம் அவர்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது. எழுதினாலே சரிபார்த்ததாக ஆகிவிடுகிறது. எல்லோரும் இரண்டாமாண்டில் எழுதும் பைனரி சர்ச் முறையை, அதாவது வரிசையான பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் வழியை, எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையான 100 கோடி எண்களில் ஒன்றைத் தேட ஏறக்குறைய 30 ஒப்பீடுகள் போதும் என்ற அதன் அழகை வகுப்பில் சொல்லிவிடுகிறோம். நடு இடத்தைக் கண்டுபிடிக்க, தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்கிறோம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே அந்த வரி அப்படித்தான் சுமார் 9 ஆண்டுகள் இருந்தது. ஜாவாவில் சாதாரண முழு எண் ஒன்று 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் போகும். பட்டியல் மிகப் பெரிதாகி, அந்த இரண்டின் கூட்டுத்தொகை இந்த எல்லையைத் தாண்டினால், விடை எதிர்மறை எண்ணாகப் புரண்டு நிரல் நொறுங்கிவிடும். அந்த நூலக நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் இதை உலகுக்கு அறிவித்து, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வந்ததைப் பாதியாக்கித் தொடக்கத்தோடு கூட்டுங்கள் என்று திருத்தமும் சொன்னார். இந்தக் கதையை வகுப்பில் ஒருமுறை சொன்னால், வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்று எழுதும் கை சற்றுத் தயங்கும். வைவா பலகையில், எழுதி முடித்த மாணவரிடம் வெற்றுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து வரிவரியாக விரலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து ஒரே ஓர் எண் உள்ள பட்டியல். அதற்கடுத்து எல்லா எண்களும் ஒன்றாக இருக்கும் பட்டியல். பாதிப் பிழைகள் இந்த மூன்றிலேயே அகப்பட்டுவிடும்.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. லீட்கோடு என்ற நிரல் பயிற்சித் தளத்தில் நானூறு கணக்குகளை முடித்து அந்த எண்ணிக்கையைப் பயோடேட்டாவின் முதல் வரியில் போடுகிறார்கள். நிறையப் போடுவதில் தவறில்லை. பார்த்த கணக்கு என்றதும் மனப்பாடமாக ஒப்பிப்பதில்தான் தவறு. மேலே சொன்ன இரண்டு எண் கணக்கையே, பட்டியல் வரிசையாக இருக்கிறது, கூடுதல் நினைவகம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையை மாற்றிக் கேட்டால், நானூறு போட்டவர்களில் பலர் அப்போதும் ஹேஷ் மேப்பைத்தான் எழுதுகிறார்கள். பட்டியலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு விரலை வைத்து, கூட்டுத்தொகை அதிகமானால் வலது விரலை உள்ளே நகர்த்தி, குறைந்தால் இடது விரலை நகர்த்தினால் போதும் என்பது, மூன்றே கணக்குகளை மனத்தில் ஊறப்போட்டவருக்குத் தோன்றும். இந்த அடிப்படைகளுக்காக ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேரவும் தேவையில்லை. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய அல்காரிதம் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. நூலகத்தில் ஒரு திரையை ஒதுக்கினால் போதும். நம் மாணவர்கள் பெயரைக் கேட்டாலே நடுங்கும், நிரல் தேர்வுகள் நடத்தும் ஹேக்கர்ரேங்க் தளத்தைத் தொடங்கிய இருவரும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள் என்பதையும் அங்கே எழுதி ஒட்டலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட் பற்றிச் சுருக்கமாக. கடையில் வாங்கிய புராஜெக்டை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். "ஏன் இந்த டேட்டாபேஸ்?" என்று கேட்டால் போதும். அமேசான் தன் 16 தலைமைப் பண்புகளை வெளிப்படையாகவே இணையத்தில் வைத்து, அவற்றை ஒட்டி உங்கள் அனுபவத்திலிருந்து நிகழ்ச்சிகளைக் கேட்கிறது. சொந்தமாக எதையும் கட்டி, உடைத்து, மறுபடி கட்டிப் பார்க்காதவரிடம் சொல்ல நிகழ்ச்சி இருக்காது. சொந்தமாகச் செய்தவர்களுக்கோ வேறொரு தடை: அடக்கம் கருதி எல்லாவற்றுக்கும் "நாங்கள் செய்தோம்" என்கிறார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று முறை கேட்டுத்தான் "நான்" என்ற சொல்லை வரவழைக்க வேண்டியிருக்கிறது. அது தற்பெருமை ஆகாது என்று அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்; நான் நேர்காணலின் நடுவில் சொன்னால் பயந்துபோகிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. ஒரு மாணவருக்கு ஒரு வேலைதான் என்ற விதியைச் சற்றுத் தளர்த்துங்கள். ஏழாம் செமஸ்டரில் முதலில் வந்த நிறுவனம் கொடுத்த கடிதத்தைக் காரணமாக வைத்து, நான்கு மாதம் கழித்து வரும் நல்ல வாய்ப்புக்கு ஒருவரை உட்கார விடாமல் தடுப்பது, நன்றாகப் படிப்பவரைத் தண்டிப்பதாகவே முடிகிறது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலான நம் கல்லூரிகளுக்கு நேரில் வருவதில்லை. மாணவர்தான் வெளியே தேடிப் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் ஓ.டி., அதாவது வெளியே போனாலும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி, கேட்டால் வருகைப் பதிவைக் காட்டி மறுக்கிறோம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி மாணவர்களிடம் பணம் கேட்கும் இடைத்தரகர்களை வளாகத்துக்குள் விடாதீர்கள். இந்த நிறுவனங்கள் எதுவும் வேலைக்காகப் பணம் வாங்குவதில்லை.

இந்தத் தேர்வு முறையே நியாயமானதுதானா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். முழுக்க நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். ஹோம்ப்ரூ என்ற, உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீ எனும், கிளை பிரியும் தரவுக் கட்டமைப்பைப் பலகையில் திருப்பிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்துவிட்டது என்று 2015இல் கோபத்தோடு எழுதியது எங்கள் துறையில் பெரும் விவாதமாயிற்று. நல்ல பொறியாளர்களை இந்த முறை தவறவிடுகிறது என்பதை நேர்காணல் செய்யும் நாங்களே மதிய உணவு மேசையில் பேசிக்கொள்கிறோம். ஆனாலும் அது உடனே மாறப்போவதில்லை. மாறினாலும் பலகைக்கு அருகில்தான் வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பக்கத்துத் திரையில் வைத்து விடையைப் படிப்பவர்கள் பெருகிவிட்டதால், காணொளி நேர்காணல் மீது நிறுவனங்களுக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது. கண் ஒரு பக்கமாகவே ஓடுவதும், கேட்டவுடன் பிழையில்லாத நிரல் வந்து விழுவதும், அதில் ஒரு வரியை ஏன் எழுதினீர்கள் என்றால் திகைப்பதும் எங்களுக்குப் பழகிவிட்டன. அடிப்படைகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சுற்றையாவது கூகுள் நேரில் நடத்தப்போவதாக, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையே 2025இல் சொன்னார். நேரில் என்றால் கையில் ஒரு மார்க்கர், எதிரே ஒரு மனிதர்.

நான் கேட்பது, அந்த மார்க்கரைக் கையில் பிடித்துப் பேசும் அனுபவம் மாணவருக்கு முதன்முதலாக பெங்களூரிலோ ஐதராபாத்திலோ நேர வேண்டாம், உங்கள் லேபிலேயே நேரட்டும் என்பதைத்தான். வரும் செமஸ்டரின் செய்முறைத் தேர்வு அட்டவணையை நீங்கள் இன்னும் அச்சிட்டிருக்கமாட்டீர்கள். அதில் ஒரு பிரிவுக்கு மட்டும் இந்த முறையைச் சோதித்துப் பார்க்க எந்தக் கல்லூரியாவது முன்வந்தால், வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறிச் சனிக்கிழமை காலை நான் வந்துவிடுகிறேன். என்னோடு வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் நால்வரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயணப்படியோ பொன்னாடையோ வேண்டாம். பலகை உள்ள ஓர் அறை, அதில் ஒரு மின்விசிறி, ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட முப்பது மாணவர்கள் போதும்.

பணிவுடன்,
உங்கள் முன்னாள் மாணவர்களில் ஒருவன்